கோடைப் புழுக்கமும் சுவாச நோய்களும்

சித்திரை பிறந்ததும் நம் இல்லங்களில் ஒரு நம்பிக்கை தலைதூக்குவதுண்டு. மார்கழிப் பனியோடு சளியும் இருமலும் தொலைந்தன. இனி ஐப்பசி மழை வரும்வரை அதற்காக மருத்துவரைத் தேடி ஓட வேண்டியதில்லை என்று தாய்மார்கள் ஆறுதல் கொள்வர். அம்மையும் வேனற்கட்டியும் வயிற்றுப்போக்கும் கோடைக்கு. சளியும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் குளிருக்கு. இது நம் முன்னோர் வகுத்து வைத்த கணக்கு. முழுவதும் பிழையான கணக்கு என்று அதனைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதனை நம்பிக் கோடையில் நாம் காட்டும் கவனக்குறைவு, குறிப்பாக வீட்டிலுள்ள முதியோருக்குப் பெருங்கேடாய் முடிவதைக் கண்டுவருகிறோம்.

2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொரோனா நோய் நம் நாட்டில் கால்வைத்த வேளையில், இந்தக் கணக்கே பலருக்கு ஊன்றுகோலாய் இருந்தது. 'வெயில் ஏறட்டும், கிருமி தானே கருகிவிடும்' என்று படித்தவர்களும் பேசினர். வெயில் ஏறியது, கிருமி கருகவில்லை. மறு ஆண்டு, 2021 மே திங்களில், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த மூன்றாம் வாரத்தில், தமிழகத்தில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. உற்றார் சூழ அடக்கச் சடங்கு நடத்தவும் வழியின்றி அந்த மாதத்தில் நாம் இழந்தவர்களை எந்தப் பங்கும் எளிதில் மறந்திராது.

அப்படியானால் வெப்பத்துக்கும் காற்றின் ஈரத்துக்கும் சுவாச நோயோடு உள்ள உறவுதான் என்ன?

நியூயார்க் நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007 இல் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டனர். நோயுற்ற கினிப்பன்றிகளையும் நோயற்றவற்றையும் தனித்தனிக் கூண்டுகளில் அருகருகே வைத்து, காற்று மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்படி செய்தனர். குளிர்ந்த, உலர்ந்த காற்றில் ஃப்ளூ காய்ச்சல் ஒரு கூண்டிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து தாவியது. வெப்பநிலையை 30 பாகை செல்சியசுக்கு உயர்த்தியபோதோ அது தாவவே இல்லை. உலர்ந்த காற்றில், தும்மலில் தெறிக்கும் நீர்த்திவலைகள் சுருங்கி, நுண்ணியவாகி நெடுநேரம் மிதக்கின்றன. நாசியின் உட்சவ்வும் வறண்டு தன் காவற்பணியில் தளர்கிறது. ஈரக் காற்றிலோ திவலைகள் கனத்து விரைவில் தரையை அடைகின்றன. நம் முன்னோர் கணக்கில் உள்ள உண்மை இதுவே.

ஆனால் அதே ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட மற்றொரு முடிவை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அதே 30 பாகை வெப்பத்தில், நோயுற்ற விலங்கையும் நலமான விலங்கையும் ஒரே கூண்டில் சேர்த்து வைத்தனர். நோய் தடையின்றித் தொற்றியது. வெப்பம் காற்றுவழியை அடைத்ததேயன்றி, நெருங்கிப் பழகும் வழியை அடைக்கவில்லை. கினிப்பன்றிக்கும் மனிதருக்கும் வேறுபாடு உண்டு. கூண்டுக்கும் குடும்பத்துக்கும் உண்டு. எனினும், ஒரே கட்டிலில் பாட்டியும் பேரனும் படுத்துறங்கும் நம் வீடுகளுக்கு இதில் செய்தி இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கும் மேலைநாட்டுக் கணக்கிலிருந்து வேறுபட்டது. ஃப்ளூ காய்ச்சல் மிகும் காலம் ஸ்ரீநகரில் சனவரி முதல் மார்ச்சு வரை. அங்கே குளிர்காலம் அது. ஆனால் இந்தியாவின் பெரும்பாலான நகரங்களில் அது தென்மேற்குப் பருவமழையின் ஈரம் நிறைந்த சூலை முதல் செப்டம்பர் வரையிலும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் உச்சம் பெறுவதை 2015 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. சிங்கப்பூர், ஆங்காங் போன்ற நகரங்களில் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு முறையும், இறுதியை ஒட்டி மறுமுறையும் ஃப்ளூ தலைகாட்டும். ஆங்காங்கில் 2017 ஆம் ஆண்டின் கோடை அலை மிகக் கடுமையாய் இருந்தது. ஆகவே புழுக்கம் நம்மைக் காக்கும் கவசமன்று. நோய்த்தடுப்பு ஊசி போட எண்ணும் முதியவர்கள், மழைக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது ஏன் நல்லது என்பதும் இதனால் விளங்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கோடையில் நம்மைக் கெடுப்பது, புழுக்கத்துக்கு அஞ்சி நாம் செய்யும் செயலே என்பது நம் கருத்து. குளிர்நாட்டார் பனிக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்துகின்றனர். நாமோ வெயிலுக்கு அஞ்சிச் சாத்துகிறோம். சாத்தப்பட்ட சன்னலுக்குள் அடைபட்ட மூச்சு இரு இடத்திலும் ஒன்றுதான். அமெரிக்காவின் டெக்சாஸ், புளோரிடா முதலிய தென் மாநிலங்களில், மக்கள் கோடை முழுவதும் குளிரூட்டிய அறைகளிலேயே வாழ்கின்றனர். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் கொரோனா அலைகள் அங்கே கோடையிலேயே பொங்கி எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதப்பட்டது.

முன்பு பெருஞ்செல்வர் வீட்டிலும் திரையரங்கிலும் மட்டுமே இருந்த ஏ.சி. பெட்டி, இன்று தவணைப் பணத்தில் நடுத்தரக் குடும்பத்தின் படுக்கையறைக்கும் வந்துவிட்டது. அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அது வேலை செய்யும் முறையை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும். சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்து, அதே காற்றைத் திரும்ப வீசுகிறது. அறையில் நால்வர் உறங்கினால், நால்வர் விட்ட மூச்சையே நால்வரும் விடியும்வரை மாற்றி மாற்றி இழுக்கின்றனர். குளிர்ச்சியாக இருப்பதால் அது தூய காற்று என்று நாம் எண்ணிவிடுகிறோம்!

சீனாவின் குவாங்சோ நகரில் 2020 சனவரி 24 அன்று நடந்தது இதற்குச் சான்று. சீனப் புத்தாண்டுக்கு முந்நாள். சன்னலே இல்லாத ஓர் உணவகத் தளத்தில் மூன்று குடும்பத்தினர் அடுத்தடுத்த மேசைகளில் உணவருந்தினர். ஒருவர் கொரோனா கிருமியைச் சுமந்து வந்திருந்தார். குளிர்சாதனப் பெட்டி அந்த மூன்று மேசைகளின் காற்றையும் ஒரே வட்டமாய்ச் சுழலவிட்டது. காற்றை வெளியேற்றும் விசிறிகள் அடைக்கப்பட்டிருந்தன. அவரையும் சேர்த்து அம்மூன்று குடும்பங்களிலும் பத்துப் பேர் நோயுற்றனர். அத்தளத்தில் இருந்த ஏனைய விருந்தினருக்கோ, பரிமாறிய பணியாளருக்கோ நோய் வரவில்லை. சுழன்ற காற்றின் வட்டத்துக்குள் அமர்ந்தவரே சிக்கினர்.

இதற்கு மறுபக்கமாக, பெரு நாட்டுத் தலைநகர் லீமாவில் மருத்துவமனைகளை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007 இல் வெளிவந்தது. காசநோய் பரவாதிருக்க எத்தகைய அறை ஏற்றது என்பதே கேள்வி. சன்னலையும் கதவையும் திறந்துவைத்த அறைகளில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 28 முறை காற்று முழுவதும் புதிதாயிற்று. பெரும் பொருட்செலவில் எந்திரம் பூட்டிய அறைகளுக்கு வகுக்கப்பட்ட அளவு 12 முறை மட்டுமே. அதிலும் 1950-க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உடைய பழைய கூடங்களே புதிய கட்டடங்களை வென்றன. உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்னும்போது, இச்செய்தி நமக்கு எட்டாத ஊர்ச் செய்தியாகாது.

இங்கே நம் ஆலயங்களைப் பற்றி ஒரு சொல். நம் கடற்கரைப் பங்குகளில் பழங்காலத்தில் எழுப்பிய கோயில்களைப் பாருங்கள்: தலைக்குமேல் முப்பது, நாற்பது அடி உயரத்தில் கூரை, எதிரெதிரே வாயில்கள், ஆளுயரச் சன்னல்கள். கடற்காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும். அண்மைக் காலத்தில் சில இடங்களில் அவ்வாயில்களைக் கண்ணாடியால் அடைத்து, தாழ்வான உட்கூரை அமைத்து, குளிர்சாதனம் பொருத்தக் காணிக்கை திரட்டப்படுகிறது. நற்கருணை ஆராதனைக்கென அமைக்கும் சிற்றாலயங்களோ பல இடங்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கண்ணாடிப் பெட்டிகளாகவே உள்ளன. அங்கே மணிக்கணக்கில் அமர்ந்து செபிப்பவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள். இருமலோடு வருபவரை நாம் தடுக்கப்போவதில்லை. காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றையாவது அங்கே பொருத்தலாமே! குளிர்சாதனத்துக்கு ஆகும் செலவில் அது மிகச் சிறு பங்கு. பங்குப் பேரவைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

'அப்படியானால் ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் பாட்டியைப் புழுக்கத்தில் படுக்க வைப்பதா?' என்று கேட்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். ஈரப்புழுக்கத்தில் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. இதயமும் நுரையீரலும் தளர்ந்தவர்களுக்கு அந்த வெப்பமே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உள்ளவர்களுக்குப் புழுக்கம் மிகுந்த நாளில் மூச்சு முட்டுவது கண்கூடு. ஆகவே குளிர்ச்சியும் வேண்டும், காற்றும் வேண்டும். பகலில் குளிரூட்டிய அறையைக் காலையிலும் மாலையிலும் எதிரெதிர்ச் சன்னல் திறந்து காற்றாட விடுவது, வீட்டில் ஒருவர் இருமத் தொடங்கினால் அன்றிரவு அனைவரும் ஒரே குளிரறையில் அடைந்து உறங்குவதைத் தவிர்ப்பது, கைக்குழந்தையை நோயுற்றவர் அருகில் கிடத்தாதிருப்பது ஆகியவை செலவற்ற காரியங்கள். 2020 சனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியோடு விற்கும் அறை ஏ.சி.கள் 24 பாகையில் தொடங்குமாறு அரசு விதித்தது. அதனை 18-க்கு இறக்கிப் போர்வைக்குள் நடுங்குவதைவிட, 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டுச் சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பது நலம். மின்கட்டணம் சற்றே கூடினாலும் மருத்துவச் செலவை நோக்க அது பெரிதன்று.

இதுவரை கூறியவை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களைப் பற்றியவை. எவரிடமிருந்தும் தொற்றாமல், குளிரூட்டும் எந்திரத்தின் தண்ணீரிலிருந்தே எழுந்து வரும் நோயும் உண்டு. அதன் வரலாறு நம் திருச்சபையின் பெருவிழா ஒன்றோடு அருகருகே நிகழ்ந்தது.

1976 ஆகஸ்டு 1 முதல் 8 வரை, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 41-ஆவது அனைத்துலக நற்கருணை மாநாடு நடைபெற்றது. கல்கத்தாவிலிருந்து அன்னை தெரேசா சென்றிருந்தார். பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆன கர்தினால் வொய்த்திவா போலந்திலிருந்து வந்திருந்தார். நகரெங்கும் திருப்பயணிகள். மாநாடு தொடங்கிய அதே வாரத்தில் திகிலூட்டும் செய்தி ஒன்று பரவியது. சூலை 21 முதல் 24 வரை அந்நகரின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் என்னும் பெரிய விடுதியில் 'அமெரிக்கன் லீஜியன்' எனப்படும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநில மாநாடு நடந்திருந்தது. அதில் கலந்துகொண்டு ஊர் திரும்பியவர்கள் கடுங்காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் கண்டு ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தனர். 182 பேர் நோயுற்றனர். அவர்களுள் 29 பேர் மாண்டனர். விடுதிக்குள் நுழையாமல் அதன் ஓரத்துத் தெருவில் நடந்து சென்றவர்களையும் சேர்த்தால், நோயுற்றோர் 221, இறந்தோர் 34.

அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்கப் படைமுகாம் ஒன்றில் பன்றிக் காய்ச்சலால் ஒரு வீரர் இறந்திருந்தமையால், இதுவும் அதுதானோ என்று நாடே நடுங்கியது. அன்று. நிக்கல் நச்சோ என்று ஐயுற்றனர். அதுவுமன்று. நோயுற்றவர்களின் மனைவி மக்களுக்கும், அவர்களுக்குப் பணிவிடை செய்த செவிலியர்க்கும் அது தொற்றவில்லை என்பதுதான் அனைவரையும் திகைக்க வைத்தது. 1904 இல் திறக்கப்பட்ட அப்புகழ்பெற்ற விடுதி, தங்க ஆளின்றி, நவம்பரில் கதவடைத்தது. ஆண்டின் கடைசி நாள்களில், அட்லாண்டா நகரத்து நோய்த்தடுப்பு மையத்தைச் சேர்ந்த ஜோசப் மெக்டேட் என்னும் ஆய்வாளர், தாம் முன்பே பார்த்து ஒதுக்கிய கண்ணாடித் தகடுகளை மீண்டும் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கோல் வடிவ நுண்கிருமி ஒன்று அகப்பட்டது. 1977 சனவரியில் அதனை உலகுக்கு அறிவித்தனர். மாண்ட வீரர்களின் சங்கப் பெயரால் அதற்கு 'லீஜியனெல்லா' என்று பெயரிட்டனர்.

அது புதிதாய்ப் பிறந்த கிருமியன்று. ஏரியிலும் ஆற்றிலும் எளியவாறு வாழ்வது. வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கிய இடம் கிடைத்தால் பெருகும்; அந்நீர் நுண்திவலையாய்த் தெறிக்கும்போது மூச்சோடு நுரையீரலில் புகும். பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியில், குளிர்சாதன எந்திரத்தின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரைச் சொரிந்து காற்றை ஊதும் குளிர்விப்புக் கோபுரங்கள் இருக்கின்றனவே, அவை அக்கிருமிக்குக் கட்டிக்கொடுத்த வீடு போன்றவை. பிலடெல்பியாவிலும் விடுதியின் குளிரூட்டும் அமைப்பின்மீதே ஐயம் விழுந்தது. கிருமி கையில் அகப்பட்டபின், பழைய புதிர்களும் அவிழ்ந்தன. 1968 சூலையில் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரின் சுகாதாரத் துறைக் கட்டடத்தில் 144 பேருக்குத் திடீர்க் காய்ச்சல் கண்டிருந்தது. நல்லவேளையாக எவரும் இறக்கவில்லை. ஆராய வந்தவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள்! பழுதுபட்ட குளிர்சாதனமே காரணம் என்று அப்போதே கண்டும், கிருமி இன்னதென்று தெரியாமல், நோயாளரின் குருதி மாதிரிகளை உறையவைத்துப் பேணியிருந்தனர். ஒன்பதாண்டு காத்திருந்த அக்குருதி, லீஜியனெல்லாவைக் காட்டிக் கொடுத்தது. நோய் மக்களின் உடல்நலம் காக்கும் அலுவலகத்தையே தேடி வந்ததுதான் வேடிக்கை.

இவ்வரலாற்றில் புழுக்கத்தின் பங்கு என்ன என்பது பின்னரே தெளிந்தது. அதே பிலடெல்பியா வட்டாரத்தில் 1995 முதல் 2003 வரை இந்நோய் கண்ட 240 பேரின் விவரங்களை வானிலைக் குறிப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2005 இல் வெளியாயிற்று. கோடையில் நோய் மிகுகிறது என்பது எதிர்பார்த்ததே. ஆனால் ஒருவர் நோயில் விழும் நாளை முன்னுணர்த்தியது வெயிலின் கடுமையன்று. அதற்கு ஆறு முதல் பத்து நாள்களுக்கு முன் பெய்த மழையும் காற்றில் மிகுந்திருந்த ஈரமுமே! வறண்ட வெயிலில் கிருமியேந்திய திவலை நொடியில் உலர்ந்து, கிருமியும் மடியும். புழுக்கமான நாளில் அது உலராது; கிருமி உயிரோடு நெடுந்தொலைவு மிதந்து செல்லும். ஃப்ளூவின் காற்றுவழியை அடைக்கும் அதே ஈரம், இந்நோய்க்குப் பாதை விரித்துக் கொடுக்கிறது. 2015 கோடையில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரே கோபுரத்திலிருந்து கிளம்பிய திவலைகளால் 138 பேர் நோயுற்று, 16 பேர் இறந்தனர். அதன்பின் அந்நகரில் ஒவ்வொரு குளிர்விப்புக் கோபுரத்தையும் பதிவு செய்து சோதிப்பது சட்டமாயிற்று.

நம் வீட்டுச் சுவரில் உள்ள ஏ.சி.யில் இத்தகைய கோபுரம் கிடையாது. அதனால் அதுபற்றி அஞ்சத் தேவையில்லை. ஆனால் நட்சத்திர விடுதிகள், பெரிய மருத்துவமனைகள், வணிக வளாகங்கள், அடுக்குமாடி அலுவலகங்கள் பலவற்றில் அவை சுழன்றுகொண்டிருக்கின்றன. பங்குகளும் துறவற இல்லங்களும் நடத்தும் மருத்துவமனைகளுள் மைய ஏ.சி. வைத்திருப்பவை, அத்தண்ணீரை மருந்திட்டுத் தூய்மை செய்பவர் யார், எத்தனை நாளுக்கொரு முறை என்று கேட்டறிவது கடமை. வீட்டில் ஏர் கூலர் வைத்திருப்போர், கோடை முடிந்ததும் மிச்சத் தண்ணீரோடு அதனை மூலையில் தள்ளிவிட்டு, மறு ஆண்டு பங்குனியில் அப்படியே விசையைப் போடுவதைப் பார்க்கிறோம். தொட்டியைக் கழுவி, பழைய புல் தட்டியை எறிந்து, புதுத் தண்ணீர் ஊற்றுவதற்கு அரைமணி நேரம் போதும். நீண்ட விடுமுறைக்குப்பின் பூட்டிய வீட்டைத் திறந்ததும், குளியலறைப் பூத்தூவியில் தேங்கிய நீரை முதலில் ஓடவிட்டு, சற்றே விலகி நிற்பதும் நல்ல வழக்கம்.

இறுதியாக ஒன்று. லீஜியனெல்லா பெரும்பாலும் பற்றுவது ஐம்பது வயதைக் கடந்தவர்களையும், புகைபிடிப்பவர்களையும், நீரிழிவு போன்ற நோய்களால் தளர்ந்தவர்களையும். பெனிசிலின் வகை மருந்துகள் அதற்குப் பயன்படா. எரித்ரோமைசின் பெற்றவர்கள் பிழைத்ததை 1976 இலேயே மருத்துவர்கள் கவனித்தனர். இன்று அதனினும் சிறந்த மருந்துகள் உள்ளன. ஆனால் எந்த மருந்தைக் கொடுப்பது என்று தெரிவதற்கு மருத்துவருக்கு ஒரு செய்தி வேண்டும். கிருமி உட்புகுந்து பெரும்பாலும் இரண்டு முதல் பத்து நாள்களுக்குள்ளும், சிலருக்குச் சற்றுப் பிந்தியும் காய்ச்சல் தொடங்கும். எனவே திருமணத்துக்கோ திருத்தலப் பயணத்துக்கோ சென்று திரும்பியபின் வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்: 'ஐயா, இவர் போன வாரம் இன்ன ஊரில், இன்ன விடுதியில் இரண்டு நாள் தங்கியிருந்தார்.'